சக்கரமில்லாத லாரிகளுக்கு ஹைட்ரஜன்

ஏழு லாரி யார்டுகளிலிருந்து படிவங்கள் வந்திருந்தன. ஒன்றில்கூட விலை என்ன என்ற கேள்வி இல்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாநிலத்தின் தென்பகுதித் தொழிற்சாலைகளுக்கும் லாரி, பேருந்துகளுக்கும் ஹைட்ரஜனை எங்கே தயாரிப்பது, எவ்வளவு தயாரிப்பது, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று திட்டம் போடுவது எங்கள் குழுவின் வேலை. அதில் தேவைக் கணக்கு என் பங்கு. யார் வாங்குவார்கள், நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று கேட்டுத் தொகுக்க வேண்டும். என் கூட்டுத்தொகையை வைத்துத்தான் ஆலையின் அளவு முடிவாகும். நான் பெரிதாகச் சொன்னால் பெரிய ஆலை வரும். வாங்க ஆளில்லாமல் அது பாதி நேரம் சும்மா கிடந்தால், அதன் செலவெல்லாம் உண்மையாக வாங்குகிறவர்கள் தலையில் விழும்.

தொழிற்சாலைக்காரர்கள் என்னைப் படுத்தி எடுத்திருந்தார்கள். பாமாயில் எனும் செம்பனை எண்ணெயிலிருந்து சோப்புக்கும் மெழுகுக்கும் மூலப்பொருள் செய்கிற ஆலைகள் அவை. ஹைட்ரஜன் அவர்களுக்குப் புதிதில்லை. தூய்மை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குக் கையிருப்பு, இப்போது வாங்குவதைவிட விலை கூடினால் வித்தியாசத்தை யார் கொடுப்பது என்று கேள்வி மேல் கேள்வி. ஓர் ஆலையின் பொறியாளர் மூன்று தடவை போன் செய்தார். ரகசியம் காப்பேன் என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓர் எண்ணைச் சொன்னார், அதையும் தோராயமாக.

லாரி யார்டுகளோ மூன்று பக்கப் படிவத்தை உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பித் தந்துவிட்டன. 'எரிபொருள் கிடைத்தால் ஹைட்ரஜன் லாரிக்கு மாறுவீர்களா' என்ற கட்டத்தில் ஏழு பேரும் ஆமாம் என்று டிக் அடித்திருந்தார்கள். ஒரு டயர் வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். லாரியையே மாற்றச் சொன்னால் எப்படிப் பேசாமல் தலையாட்டுவார்கள்?

ஒரு யார்டின் மாத டீசலை லாரிகளின் எண்ணிக்கையால் வகுத்து, நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மாற்றிப் பார்த்தேன். அந்த யார்டின் லாரி ஒவ்வொன்றும் தினமும் தாய்லாந்து எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஓட்டுநர் தூங்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. உண்மையில் அந்த லாரிகள் கெலாங் பாத்தா பக்கத்துத் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறவை. ஜொகூரைத் தாண்டுவதே அபூர்வம்.

நான் சந்தேகப்பட்ட முதல் ஆள் என் மேலாளர்.

அவர் சிலோன் தமிழர் வழியில் வந்தவர். தாத்தா அரசாங்க உத்தியோகம், அப்பா டாக்டர், வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டங்கள் சுவரில் தொங்குகின்றன. என் வீட்டுச் சுவரில் தொங்குவது என்னுடையது ஒன்றுதான். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துப் பக்கமே அனுப்பாமல் பால்வெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எண்கள் படிப்பார், எழுத்து வராது. அதனால் லாரி லைசன்ஸ் எடுக்க முடியாமல் இருபது வருடம் லாரியில் உதவியாளாகவே ஓடி, இப்போது உலு திராமில், அந்த ஏழில் ஒன்றான, அதே முதலாளியின் யார்டு வாசலில் ஜாகாவாக, காவலாளியாக உட்கார்ந்திருக்கிறார். அலுவலகத்தில் எனக்குத் தலைக்கனம் என்று பேச்சு உண்டு. இருக்கத்தான் செய்கிறது. அதை நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

யார்டுகளுக்கு என்னை அனுப்பியது மேலாளர்தான். "நீங்க போனா அவை கதைப்பினம், பிள்ளை," என்றார். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை என்பது பிரியமான விளி என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலைகளுக்கு அவரும் உடன் வந்தார். யார்டுகளுக்கு மட்டும் ஏன் என்னைத் தனியாக அனுப்பினார்?

படிவங்களின் கூட்டுத்தொகையோடு அவர் அறைக்குப் போனேன்.

"ட்ரான்ஸ்போர்ட் டிமாண்ட் நல்லா வந்திருக்கு. ஸ்டேட் கமிட்டி இதைத்தான் முதல்ல பார்க்கும்," என்றார்.

"எனக்குக் கொஞ்சம் கூடுதலாத் தெரியுது, சார்."

"உங்கட சர்வேதானே?"

"ஆமா."

"நீங்களே நம்பாட்டி வேற ஆர் நம்புறது?" என்று சிரித்தார். பிறகு வரைவை என் பக்கம் திருப்பினார். தேவை பற்றிய அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்ற சொல்லுக்குக் கீழே என் பெயர் முழுதாக இருந்தது. அடையாள அட்டையையும் கல்யாணப் பத்திரிகையையும் விட்டால், எங்கள் குடும்பத்துப் பெயர் எதிலும் அச்சாகி நான் பார்த்ததில்லை. அதை இன்னொரு முறை படிக்க ஆசையாக இருந்தது. படிக்கவில்லை. இதற்கு முந்தைய அறிக்கைகளில் இளையவர் யார் பெயரையும் அவர் போட்டதில்லை என்பது ஞாபகம் வந்தது. இதில் மட்டும் ஏன்? எண் தப்பாகிப்போனால் கைகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவா?

அதே வரைவின் வரைபடத்தில், உலு திராம் சந்திப்பில் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையத்துக்கு ஏற்கெனவே வட்டம் போட்டிருந்தது. என் கணக்கு வருவதற்கு முன்பே இடம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அது பென்சில் குறிதானே. கணக்கு மாறினா அழிப்பம்," என்றார்.

வட்டம் பென்சிலில் இல்லை. கணினியில் வரைந்து, பச்சை நிறமும் கொடுத்திருந்தார்கள்.

கமிட்டி கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. என் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம். படிவத்தில் உள்ள எண்ணை அப்படியே விட்டால் எல்லோருக்கும் சந்தோஷம், என் பெயரும் அச்சாகும். பிறகு ஒரு நாள் யாராவது என்னைப் போலவே வகுத்துப் பார்த்தால், அந்தப் பெயர் பொய்க்கணக்குக் கொடுத்தவளின் பெயராக இருக்கும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "ரிப்போட் புக்கு வந்துருச்சாம்மா?"

"இன்னும் இல்லப்பா."

"வந்ததும் ஒன்னு குடு. யார்டுல காட்டணும். மொதலாளி டெய்லி கேக்குறாரு."

"எதுக்குக் கேக்குறாரு?"

"சும்மாதான்."

"அப்பா, ஒங்க யார்டுல எத்தன லாரி ஓடுது?"

அப்பா டிவி ரிமோட்டைத் தேடினார். அது அவர் மடியில்தான் இருந்தது. "பேப்பர்ல போட்டிருக்குல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சமையல் நிகழ்ச்சி பார்க்கிறவர் அல்ல.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போகிற வழியில் அப்பாவின் யார்டு வாசலுக்கு எதிரே, தேங்காய்ப்பால் சோறு விற்கிற சாலையோர நாசி லெமாக் கடை நாற்காலியில் உட்கார்ந்தேன். படிவத்தில் இருபத்து நான்கு லாரி என்று இருந்தது. வெளியே வந்தது பதினொன்று. அதற்கடுத்த நாளும் பதினொன்று. மூன்றாம் நாள் பத்து. ஒன்றுக்குச் சக்கரத்தில் காற்றில்லை என்று கடைக்காரம்மா சொன்னார். மூன்று நாளும் அப்பா தடுப்புக் கம்பைத் தூக்கித் தூக்கி இறக்கினார். என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தார்.

மூன்றாம் நாள் பொட்டலம் வாங்க இறங்கிய ஓட்டுநர் ஒருவர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். "என்னா மிஸ், லாரி எண்ணுறீங்களா? ரோட் டேக்ஸ் ஆபீஸா?"

"இல்லண்ணே. ஹைட்ரஜன் திட்டம். ஒங்க யார்டுல இருபத்து நாலு லாரியாமே?"

"இருபத்து நாலா!" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பின்னால போயி பாருங்க மிஸ். ரெண்டுக்குச் சக்கரமே இல்ல. ஒன்னுக்குள்ள பப்பாளி மொளச்சிருக்கு. அதுக்கும் ஊத்துங்க ஒங்க ஹைட்ரஜன, நல்லா காய்க்கும் லா."

நான் சாலையைக் கடந்து உள்ளே போனேன். அப்பா ஒன்றும் கேட்காமல் கம்பைத் தூக்கினார். பின்பக்கம் லாலாங் புல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. அதற்குள் லாரிகள் வரிசையாக நின்றன. சிலவற்றுக்கு முன்கண்ணாடி இல்லை, சிலவற்றுக்கு எஞ்சின் இல்லை. பப்பாளி உண்மையிலேயே இருந்தது. ஓட்டுநர் இருக்கையின் ஓட்டை வழியாக எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வரை எண்ணினேன்.

முதலாளி அலுவலகத்திலிருந்து வந்தார். தமிழர்தான், நான் அங்கிள் என்று கூப்பிடுகிறவர். "என்னம்மா, பாம்பு இருக்கும், இங்க எதுக்கு நிக்கிற?"

"இதெல்லாம் என்னா அங்கிள்?"

"ரிப்பேருக்கு நிக்குது."

"எப்பவிருந்து?"

கொஞ்சம் யோசித்தார். "கோவிட்டுக்கு முன்னாலேருந்து."

"இதுங்களுக்கும் ஹைட்ரஜன் வேணும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. டீசலும் பல மடங்கு போட்டிருக்கீங்க. ஏன் அங்கிள்?"

அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நீதானே வந்து எழுதச் சொன்ன? மானிய டீசல் கார்டுக்குக் கணக்கெடுக்கிறாங்க, கம்மியா போட்டா வெட்டிடுவாங்கன்னு ஒங்கப்பாதான் சொன்னாரு. மத்த யார்டுக்கெல்லாம் அவருதான் போன் போட்டாரு. எல்லாருமே கூட்டித்தான் போட்டோம்."

"ஹைட்ரஜன்னு போட்டிருந்துச்சே, படிக்கலியா?"

"படிச்சேன்மா. இந்த பி-டென், பி-டுவெண்டின்னு டீசல்ல பாமாயில் கலந்தாங்கல்ல, அந்த மாதிரி இதயும் புதுசா கலக்கப் போறாங்கன்னு நெனச்சேன். கவர்மெண்டு கலந்தா நம்ம வேணான்னா சொல்ல முடியும்? ஆமான்னு டிக் அடிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப கார்டு வராதா?" என்றார்.

வாசலுக்குத் திரும்பினேன். அப்பா காவல் கொட்டகைக்குள் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க?"

"கார்டுன்னு நான் நிச்சயமா சொல்லல. டீசல் கணக்கு கேக்குறாங்கன்னா அதுக்காகத்தான் இருக்கும்னு சொன்னேன்."

"நான் கவர்மெண்டு இல்லப்பா. கம்பெனி."

"தெரியும்." கம்பின் கயிற்றை இழுத்துச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "ஃபைல் தூக்கிட்டு எத்தன பேரு வர்றாங்க தெரியுமா இங்க? இன்சூரன்ஸ், டயர் கம்பெனி, காலேஜ் புள்ளைங்க. எல்லாரையும் நான்தான் திருப்பி அனுப்புறேன், மொதலாளி இல்லன்னு. வெயில்ல நின்னு பாத்துட்டுப் போவாங்க. கவர்மெண்டுன்னா மட்டும்தான் கம்பு ஏறும். நீ எல்லா யார்டு வாசல்லயும் அப்படி நிக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைக் கொட்ட வாய் திறந்தபோது கணக்கெடுப்பின் முதல் நாள் ஞாபகம் வந்துவிட்டது. சலவை செய்த சட்டையோடு அப்பா என்னை முதலாளியின் அறைக்குக் கூட்டிப்போன நாள் அது. "இது என் மக, கவர்மெண்ட் ஆபீஸ்லேருந்து வந்திருக்கு" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதலாளி எழுந்து நின்று, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சின்ன வயதில் அப்பாவின் லாரி வரும்வரை நான் அந்த அறைக்கு வெளியே நின்றுதான் காத்திருப்பேன். உள்ளே உட்காரலாம் என்று யாரும் சொன்னதில்லை. அன்று உட்கார்ந்தேன். திருத்தவில்லை. அடுத்த ஆறு யார்டுகளிலும் நாற்காலி தயாராக இருந்தது. அங்கேயும் திருத்தவில்லை.

மேலாளரைச் சந்தேகித்தேன், யார்டுக்காரர்களைச் சந்தேகித்தேன், அப்பாவைச் சந்தேகித்தேன். ஏழு நாற்காலிகளில் உட்கார்ந்தவளை மட்டும் விட்டுவிட்டேன்.

அப்பாவிடம், "சரி, வேலைக்கு நேரமாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த இரண்டு வாரம் காலை எட்டு மணிக்கு முன் என்னை யாராவது தேடியிருந்தால் ஏதாவது ஒரு யார்டு வாசலில்தான் கண்டுபிடித்திருக்க முடியும். ஏழு இடத்திலும் நின்று எண்ணினேன். ஏழு முதலாளிகளிடமும் நான் கவர்மெண்டு இல்லை, இதற்கும் டீசல் கார்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிப் புதுப் படிவம் கொடுத்தேன். ஒருவர் என் கையிலிருந்து பழைய படிவத்தை வாங்கிக் கிழித்தார். தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடுகிற சீன முதலாளி ஒருவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். நாற்காலி போட்டவர்கள் இரண்டு பேர். மற்ற இடங்களில் நின்றுகொண்டே பேசினேன். இந்த முறை எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "லாரி என்ன விலை? ஊத்துறது கிலோ எவ்வளவு?" அப்போதுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. பதில் சொன்னதும் ஐந்து பேர் இல்லை என்று டிக் அடித்தார்கள். இரண்டு பேர், மற்றவன் வாங்கி ஓட்டிப் பார்க்கட்டும் என்று ஓரத்தில் எழுதினார்கள்.

புதுக் கணக்கில் லாரிகளின் பங்கு சுருங்கி ஒரு வரியாகிவிட்டது. தொழிற்சாலைகளின் தேவை மட்டும் அசையாமல் நின்றது. அந்த அளவுக்கு, கடலோரத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே சிறிய ஆலை போட்டு, நீண்ட உருளைகள் அடுக்கிய டிரெய்லர்களில் அனுப்பினால் போதும். உலு திராம் வட்டத்துக்கு வேலையே இல்லை.

மேலாளர் சண்டை பிடிப்பார் என்று நினைத்துப் பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதையும் படித்தார்.

"முதல் படிவம் ஏன் இப்படிப் பிழைச்சது?"

அப்பாவை விட்டுவிட்டுச் சொல்ல முடியுமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். "என்னை கவர்மெண்டுன்னு நெனச்சாங்க, சார். எனக்குத் தெரிஞ்சும் நான் திருத்தல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதையும் எழுதுங்கோ. கமிட்டிக்கும் நீங்களே சொல்லுங்கோ."

"நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"வாசல்ல நின்டு எண்ணினது நானில்லையே."

என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிகிறாரா, இல்லை எனக்குரிய இடத்தைத் தருகிறாரா என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. கமிட்டியில் எழுந்து நின்று சொன்னேன். பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், வாசலில் நின்று எண்ண உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். சாலையோரத்தில் நாசி லெமாக் சாப்பிட அனுமதி வேண்டியதில்லை என்றேன். மேலாளர் குனிந்து காகிதத்தில் ஏதோ எழுதினார், சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். லாரிகளுக்கு நிரப்பும் நிலையம் திட்டத்தின் முதல் கட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. பச்சை வட்டம் அடுத்த வரைபடத்தில் இல்லை. என் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது. அந்தக் கடிதத்தை, எங்கே கொக்கி இருக்கிறது என்று மூன்று முறை படித்தேன்.

அச்சான அறிக்கையை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, "ஒன் பேரு எங்க?" என்றார். தொட்டுக் காட்டினேன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டே, "இதுக்குக் கீழ சின்னதா என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

படித்துக் காட்டினேன். முதல் கணக்கெடுப்பு நிராகரிக்கப்பட்டது. பதிலளித்தவர்கள் அதை அரசாங்க டீசல் கணக்கெடுப்பு என்று எண்ணினர். அந்த எண்ணத்தைத் திருத்தாதது இதைத் தயாரித்தவரின் தவறு.

"ஜாகான்னு போட்டிருக்கா?"

"இல்லப்பா. என் தப்புன்னுதான் போட்டிருக்கு."

அவர் அறிக்கையை மூடி, பிளாஸ்டிக் பையில் போட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். முதலாளியிடம் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, 'மற்றவன் ஓட்டிப் பார்க்கட்டும்' என்று எழுதிய இருவரில் ஒருவரான அப்பாவின் முதலாளியே ஏதோ கேட்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். யார்டுக்குப் போனேன். கொட்டகை மேசையில் அதே பிளாஸ்டிக் பை இருந்தது. எனக்கு முன்னால் ஃபைலோடு ஓர் இளைஞன் நின்றிருந்தான். அப்பா அவனிடம், "எந்த ஆபீஸு? கவர்மெண்டா, கம்பெனியா? மொதல்ல அதச் சொல்லு," என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் இன்சூரன்ஸ் என்றான். அப்பா அவனைத் திருப்பி அனுப்பவில்லை. நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போன் போட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பில்லை.

"நீங்க எங்கேருந்து?"

"கம்பெனி," என்றேன்.

கம்பைத் தூக்கினார்.